பாலம் மூழ்குவதற்கு முன்

புயல் என்பது பிலிப்பைன்ஸ் மக்களின் கவலை, நிலநடுக்கோட்டை ஒட்டி மலேசியாவில் வாழும் நமக்கு அது வராது என்று எங்கள் தோட்டத்தில் இன்றும் பலர் நம்புகிறார்கள். பூமியின் சுழற்சி காற்றுக்குத் தரும் திருப்பம் நிலநடுக்கோட்டருகே மிகவும் குறைவு என்பதால், அந்த நம்பிக்கை பெரும்பாலும் சரியானதே. ஆயினும், நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 1.5 டிகிரி வடக்கே உருவான வாமெய் புயல் 2001 டிசம்பர் 27 அன்று எங்கள் மாநிலமான ஜொகூரின் தென்கிழக்குக் கரையைக் கடந்தது. காற்றைவிட அது கொட்டிய மழையே ஜொகூரிலும் அண்டை மாநிலமான பகாங்கிலும் கூடுதல் துயரத்தைத் தந்தது.

கோத்தா திங்கி வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில் வாழும் எங்களுக்குப் புயலின் பெயர் முக்கியமில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை நீளும் வடகிழக்குப் பருவமழையே போதும். 2006 டிசம்பரில் ஜொகூர் ஆறு பெருக்கெடுத்துப் பட்டணத்தை மூழ்கடித்தது. சேற்றை வழித்து, சுவரைக் கழுவி, மெத்தையை வெயிலில் காயப்போட்டவர்கள் மூச்சுவிடுவதற்குள், 2007 ஜனவரியில் மறுபடியும் வெள்ளம் புகுந்தது. ஒருமுறை வடிந்துவிட்டால் அந்தப் பருவத்தின் ஆபத்து தீர்ந்தது என்று எண்ணும் பழக்கம் அன்றோடு என்னைவிட்டுப் போயிற்று.

எங்கள் லயத்து வீடுகள் சற்று மேட்டில் இருப்பவை. ஆகவே வாசற்படியைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் ஒரு முழம் இருக்கிறது" என்று காத்திருப்பது எங்கள் வழக்கம். ஆனால் வெள்ளம் முதலில் விழுங்குவது வாசற்படியை அல்ல, பட்டணத்துக்குச் செல்லும் செம்மண் சாலையின் தாழ்வான பாலத்தை. எங்கள் தலைமேல் வானம் வெளுத்திருக்கும்போதுகூட, ஆற்றின் மேற்பகுதியில் பெய்த மழை சில மணி நேரம் கழித்து அங்கே வந்து சேரும். ஒருமுறை என் அத்தை கறவை மாட்டை அவிழ்க்க மனமின்றித் தாமதித்ததால், நாங்கள் அனைவரும் இருட்டில் தோட்டத்து லோரியின் பின்னால் நின்றபடி, சக்கரம் பாதி மூழ்க அந்தப் பாலத்தைக் கடந்தோம். மாடு மேட்டில் நிம்மதியாகப் புல் மேய்ந்துகொண்டிருந்தது என்பது வேறு கதை.

ஆகையால் இப்போது நான் வீட்டை அல்ல, பாலத்தையே அளவாக வைத்திருக்கிறேன். வானிலை ஆய்வுத் துறை தொடர்மழைக்கு விடுக்கும் எச்சரிக்கை மஞ்சளாக இருக்கும்போதே மோட்டார் சைக்கிளைப் பாலத்துக்கு அப்பால் நிறுத்திவிடுவேன். அது ஆரஞ்சு நிறத்துக்கு மாறினால், சிவப்புக்குக் காத்திராமல், முதியவர்களையும் பிள்ளைகளையும் பட்டணத்து உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் இணையத்தளத்தில் ஆற்று நீர்மட்டத்தைப் பார்க்கலாம் என்றாலும், மின்சாரம் நின்ற இரவில் கைப்பேசியை நம்ப முடியாது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், அப்பாவின் இரத்த அழுத்த மாத்திரைகள் ஆகியவை அக்டோபர் கடைசியிலேயே நெகிழிப் பையில் கட்டப்பட்டு, சாமி மாடத்துக்குப் பக்கத்தில் தொங்கும். அத்தையின் மாட்டுக்கு மேட்டில் ஒரு முளையும் அடித்தாயிற்று. மழை கறுத்தால் அதை அன்று மாலையே அங்கே கட்டிவிட வேண்டும் என்பதற்கு, நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு அவரும் இணங்கியிருக்கிறார்.