பம்ப் போச்சு என்றார்கள்: என் 1965 லிங்கன் கூரையும் நானும்

ஏப்ரல் கடைசியில் பாதியில் நின்ற என் பழைய காரின் கூரை, ஆகஸ்ட் முதல் வாரம்தான் மறுபடி அசைந்தது. இடைப்பட்ட மூன்று மாதத்தில் 1,100 டாலர், ஒரு வீண் பயணம், மனைவியின் பொறுமையில் பாதி, எல்லாம் கரைந்தன. கோளாறு என்ன தெரியுமா? துருப்பிடித்த ஒரு போல்ட்டும் வளைந்துபோன ஒரு தகடும். செலவு பூஜ்யம். அந்த எரிச்சல் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வண்டி 1965 லிங்கன் கான்டினென்டல், நாலு கதவு கன்வர்டிபிள், அதாவது கூரையை மடக்கித் திறக்கிற கார். இது பிறந்த விக்ஸம் ஆலை நான் குடியிருக்கும் நோவைக்கு அடுத்த ஊரில்தான் இருந்தது. 2007இல் அதை மூடிவிட்டார்கள். விற்றவர் என் கண் முன்னால் கூரையை ஒருமுறை இறக்கி ஏற்றிக் காட்டினார். பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், ஹிஸ்டாரிக் பிளேட் என்கிற பழைய வண்டிகளுக்கான நம்பர் பலகை எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்தன. மிச்சிகனில் அந்த பிளேட் போட்டால் கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான் வண்டியை எடுக்கலாம். ஆகஸ்ட் மாதம் மட்டும் எதற்கு வேண்டுமானாலும் ஓட்டலாம். ஆகஸ்டின் மூன்றாவது சனிக்கிழமை வுட்வர்ட் டிரீம் க்ரூஸ் என்கிற பழைய கார்களின் ஊர்வலம். அதுதான் என் கெடு.

வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டாவது முறை சுவிட்சை அழுத்தினேன். டிக்கி மூடி கம்பீரமாக எழுந்து நின்றது. அவ்வளவுதான். அதற்கு மேல் எதுவும் இல்லை. திரும்ப மூடலாம் என்று பார்த்தால் அதுவும் இல்லை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

இந்த வண்டியின் டிக்கி மூடிக்குக் கீல் பின்பக்கம். முன்பக்கம் வாய் திறந்து, பாய்மரம் மாதிரி நிற்கும். இப்படியே ஓட்டினால் காற்று மூடியைப் பிய்த்துப் பின்னால் எறிந்துவிடும். டோ வண்டிக்காரர் வந்து பார்த்துவிட்டு, "இதை ஏற்ற முடியாது, மூடிவிட்டுக் கூப்பிடுங்கள்" என்று கிளம்பப் பார்த்தார். மூட முடிந்தால் உன்னை ஏனப்பா கூப்பிடுகிறேன்? அப்புறம் எனக்கே ஒரு யோசனை வந்தது. வண்டியைத் தலைகீழாக, அதாவது பின்பக்கம் டிரைவரைப் பார்க்கும்படி ஏற்றச் சொன்னேன். அப்போது காற்று மூடியை மூடும் பக்கமாகத்தான் தள்ளும். அதற்கு மேல் ஒரு கயிறும் கட்டினோம். முனகிக்கொண்டே ஏற்றினார். அந்த மூன்று மாதத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

வண்டி போய்ச் சேர்ந்தது பழைய வண்டிகளுக்கென்றே நடத்துகிற கடை ஒன்றுக்கு. கவுண்டரில் இருந்தவர் எழுந்து வந்துகூடப் பார்க்கவில்லை. "கன்வர்டிபிளா? கூரை நகரவில்லையா? பம்ப்தான்" என்றார். மூன்று வாரம் கழித்து, எண்ணெய் அழுத்தத்தால் கூரையைத் தூக்கும் புது ஹைட்ராலிக் பம்ப்புக்கும் கூலிக்கும் 1,100 டாலர் பில் வந்தது. மூடியைக் கையால் எப்படியோ இறக்கியிருந்தார்கள். கூரையைப் போட்டுக் காட்டுங்கள் என்றேன். மூடி எழுந்தது, நின்றது. பழையபடியே. "அப்படியானால் ரிலே" என்றார் அதே மனிதர், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். ரிலே என்றால் மின்சாரத்தால் இயங்கும் ஒரு சுவிட்ச். கழற்றிய பம்ப்பையாவது கொடுங்கள் என்றால், தூக்கிப் போட்டுவிட்டோம் என்றார்கள். வண்டியை விடும்போதே, கழற்றுகிற சாமான் எல்லாம் எனக்கு வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் அப்போதே சண்டை போட்டிருக்க வேண்டும். கூரை இறங்கும் வரிசையை யோசித்தாலே விஷயம் புரியும். முதலில் டிக்கி மூடியின் பூட்டு கழலும், மூடி எழும். அது முழுதாக எழுந்துவிட்டது என்று ஒரு லிமிட் சுவிட்ச் சொன்ன பிறகுதான், முன்கண்ணாடிச் சட்டத்தோடு கூரையைப் பிணைக்கும் திருகுகள் கழலும். பிறகு கூரை எழுந்து மடிந்து டிக்கிக்குள் படுக்கும், மூடி இறங்கிப் பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு கட்டமும் முடிந்ததைச் சொல்ல ஒரு சுவிட்ச், அடுத்ததைத் தொடங்க ஒரு ரிலே. 1957 முதல் 1959 வரை ஃபோர்டு ஸ்கைலைனரின் இரும்புக் கூரையை மடக்கிய அதே சித்தாந்தம். கம்ப்யூட்டர் கிடையாது. என் வண்டியில் அந்தத் திருகுகள் கழலவே இல்லை. அது மின்மோட்டார் வேலை. கூரையைத் தூக்க வேண்டிய பம்ப்புக்கு இன்னும் முறையே வரவில்லை! நடிக்க மேடைக்கே வராதவனைப் பிடித்து வசனம் மறந்துவிட்டான் என்று அடித்த கதை.

ரிலே என்றாரே, அதற்காக டொலீடோவரை போனேன். பெட்டி மேல் 1965 என்று எழுதியிருந்ததை நம்பி வாங்கிவந்தேன். பிளக் என் வயரிங்கோடு சேரவில்லை. திருப்பி எடுக்க மாட்டார்களாம். பழைய சாமான் வாங்கப் போகிறவர்கள் பெட்டியைப் பார்க்காதீர்கள்; உங்கள் பழைய சாமானைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அடுத்த இடி புத்தகம். வண்டியோடு வந்த ஷாப் மேனுவலில், அதாவது பழுது பார்க்கும் கையேட்டில், கூரையின் வயரிங் வரைபடம் இருக்க வேண்டிய பக்கத்தை யாரோ அழகாகக் கிழித்து எடுத்திருந்தார்கள். மற்ற 400 சொச்சம் பக்கமும் பத்திரம். மறுபதிப்பு வரவழைக்க இரண்டு வாரம். நான் சொல்வது இதுதான்: வண்டி வாங்கும் முன்பே அந்த வரைபடத்தை வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் இந்த வண்டியின் டிக்கிக்குள் தலையை விடுவது, முகவரி இல்லாமல் கல்யாண வீடு தேடுவது மாதிரி.

வரைபடம் வந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி அதை மடியில் விரித்துக்கொண்டு வயர் நிறங்களை வாசிக்க, நான் எட்டு டாலர் டெஸ்ட் லாம்ப்போடு டிக்கிக்குள் படுத்தேன். அறுபது வருட வயரில் மஞ்சளும் வெள்ளையும் ஒன்றுதான், அது வேறு. கிளிப்பை பேட்டரி பிளஸ் வருகிற இடத்தில் மாட்டி, முனையை ரிலேக்களின் எர்த் வயரில் வைத்தேன். பளிச்சென்று எரிய வேண்டிய பல்பு மினுங்கியது. "எரியுதாங்க?" "எரியுது, ஆனா எரியலை." எர்த் வயரை வண்டியின் உடம்போடு பிடிக்கும் போல்ட் முழுக்கத் துரு. உப்புத்தாளால் தேய்த்து முறுக்கியதும் மூடி சொன்னபடி ஏறியது, இறங்கியது. பாதி வென்றாயிற்று.

கூரைத் திருகு மட்டும் இன்னும் அசையவில்லை. மூடி முழுதாக எழுந்ததும் அழுத்த வேண்டிய லிமிட் சுவிட்சைப் பார்த்தேன். அதன் தகட்டுக் கை சற்று வளைந்திருந்தது. மூடிக்கும் அதற்கும் ஒரு சோற்றுப் பருக்கை இடைவெளி. கூரைக்குப் புதுத் துணி போட்ட யாரோ முழங்கையால் இடித்திருக்க வேண்டும். மூக்குக் குறடால் நிமிர்த்திவிட்டு சுவிட்சை அழுத்தினால், முன்கண்ணாடிக்கு மேலே 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம். மூன்று மாதமாக நான் கேட்கத் தவித்த சத்தம்.

இன்னும் சில விஷயங்கள், பட்டதால் சொல்கிறேன். சோதிக்கும்போது எஞ்சினை ஓடவிடுங்கள். பேட்டரி தளர்ந்தால் நல்ல ரிலேகூடப் பொய் சொல்லும். வயரைக் குறுக்கே கொடுத்து ஒரு கட்டத்தைத் தாண்ட வைக்கலாம்தான். ஆனால் மூடி முழுக்கத் திறக்குமுன் கூரையைக் கிளப்பிவிட்டால் இரண்டும் முட்டி வளையும், அப்புறம் தகர வேலைக்கு வீட்டை அடகு வைக்க வேண்டும். என் மூடி திறந்தபடி நின்றது என் அதிர்ஷ்டம். மூடியபடி செத்திருந்தால் உள்ளே போவதே பெரும்பாடு, ஸ்டெப்னியும் உள்ளேதான். ஜாக்கி போடுகிற இடத்திலும் கவனம் வேண்டும். அடியில் தனிச் சட்டம் (சேஸிஸ்) இல்லாத உடம்பு, மேலே இறுக்கிப் பிடிக்க இரும்புக் கூரையும் இல்லை, எடை சுமார் 2.5 டன். ஒரு கடையில் கண்ட இடத்தில் தூக்கியதில் பின்கதவு இறுகிக்கொண்டது. வைப்பர் மோட்டார் பக்கம் எண்ணெய் கசிந்தால் பதறாதீர்கள். இந்த வண்டியில் வைப்பர் ஓடுவது பவர் ஸ்டியரிங் எண்ணெயில்தான்.

வுட்வர்டுக்குக் கூரையை இறக்கிவிட்டுப் போனோம். கூரை டிக்கியில் படுத்துவிட்டால் அங்கே ஒரு குடை வைக்கக்கூட இடம் இருக்காது என்பது கிளம்பும்போதுதான் நினைவுக்கு வந்தது. மடக்கு நாற்காலிகள் பின்சீட்டில் பையன்களுக்கு நடுவே, புளிசாத டப்பா மனைவியின் மடியில். பின்கதவைத் திறக்கும்போது தானாகச் சற்று இறங்க வேண்டிய இடப்பக்கக் கண்ணாடி இன்னும் இறங்குவதில்லை. அதற்கும் ஒரு சுவிட்ச் உண்டு, வரைபடத்தில் பார்த்துவிட்டேன்.