அடங்கலில் யார் பெயர்?

மூழ்கிய சம்பா வயலில் இன்று கணக்கெடுப்பு. வரப்பில் விஏஓவும் உதவி வேளாண் அலுவலரும். ஒரு விவசாயி நாலு தூரைப் பிடுங்கிக் காட்டினார். வேரெல்லாம் கறுத்து, ஒரே அழுகல் வாடை.

33 விழுக்காடோ அதற்கு மேலோ சேதம் என்று எழுதினால்தான் நிவாரணம். 2022-26 பேரிடர் நிவாரண விதிப்படி பாசன நிலத்துக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். ஏக்கருக்கு ஏழாயிரம்கூட வராது.

பெரிய சிக்கல் அடங்கல்தான், அதாவது எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று விஏஓ எழுதும் பதிவேடு. அதில் குத்தகைதாரர் பெயர் ஏறாவிட்டால் பணம் நிலத்துக்காரர் கணக்குக்குப் போய்விடும். நட்டவர், களை எடுத்தவர், உரத்துக்குக் கடன் வாங்கியவர் வெறுங்கையோடு நிற்பார். பெரிய அநியாயம் இது.

பட்டியல் மேலே போகும் முன் சர்வே எண், பரப்பு இரண்டையும் விஏஓவிடம் சரிபாருங்கள்.

ஆதார் வழியாக வரும் பணம் கடைசியாக இணைத்த கணக்கில்தான் விழும். எந்தக் கணக்கு என்று வங்கியில் இப்போதே கேட்டுவிடுங்கள்.