புள்ளிக்கு முன்னால் ஒரு சுழியம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் பதினெட்டு ஆண்டுகளாகப் பக்க வடிவமைப்பு செய்கிறேன். ஜவ்வரிசி மூட்டைச் சீட்டு, கொலுசுக் கடை விலைப்பட்டியல், உர விளம்பரம் என்று எது வந்தாலும் அதில் எண் இருக்கும். எண்ணை ஒட்டி ஓர் அளவு இருக்கும். கதை, கட்டுரையில் ஓர் எழுத்து பிசகினால் வாசகர் சரிசெய்து படித்துக்கொள்வார். அளவில் பிசகினால் அவரால் கண்டுபிடிக்க முடியாது. அச்சில் இருப்பதை நம்பி அப்படியே செய்வார்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, ஏற்காட்டுக் காப்பி விவசாயிகளுக்கான துண்டறிக்கை ஒன்று வந்தது. இலைத்துரு நோய்க்கு அரை சதவீத போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் நீரில் கலந்த பூஞ்சைக்கொல்லி) தெளிக்க வேண்டும் என்பது செய்தி. கையெழுத்துப் பிரதியில் '.5' என்று இருந்ததை அப்படியே அடித்தேன். பிழை பார்க்க எடுக்கும் மெய்ப்புத் தாளில் புள்ளி தெளிவாக இருந்தது. பிளேட்டில், அதாவது அச்சுத் தகட்டில், அது விழவில்லை. 100 லிட்டர் கலவைக்கு அரைக் கிலோ மயில்துத்தம் போட வேண்டிய இடத்தில் ஐந்து கிலோ என்று பொருளாகிவிட்டது. கட்டுகளை வாங்கிப்போக வந்த பெரியவர் ஒரு தாளை உருவிப் படித்தார். "தம்பி, இந்த அளவில் தெளித்தால் செடி கருகிவிடும்" என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை. எனக்குத்தான் கை நடுங்கியது. அத்தனையையும் கிழித்துப் போட்டு, இரவோடு இரவாக மறுபடி அச்சடித்தோம். புள்ளிக்கு முன்னால் சுழியம் இல்லாத எண்ணை அன்றிலிருந்து நான் அச்சுக்கு அனுப்புவதில்லை. '0.5' என்று இருந்தால், புள்ளி மங்கினாலும் '0 5' என்று நின்று சந்தேகத்தையாவது கிளப்பும்.

தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. கிராமுக்கும் 'கி.', கிலோவுக்கும் 'கி.'. வெள்ளிக் கடைப் பட்டியலில் '50 கி.' என்று போட்டால் எதை எடுத்துக்கொள்வது? சூழலை வைத்துப் புரிந்துகொள்வார்கள் என்று முதலாளி சொல்வார். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இடம் எவ்வளவு நெருக்கினாலும் கிராம், கிலோ என்று முழுதாகவே போடுகிறேன். எழுத்தின் அளவை அரை பாயின்ட் குறைத்தால் இடம் கிடைத்துவிடும்.

எண்ணுக்கும் அலகுக்கும் நடுவே ஓர் இடைவெளி வேண்டும் என்பது சர்வதேச அலகு முறையின் விதி. கோணத்தின் பாகை, நிமிடம், நொடிக் குறிகளுக்கு மட்டும் விலக்கு: 45° ஒட்டி நிற்கும், 25 °செ விலகி நிற்கும். ஆனால் சாதாரண இடைவெளி போட்டால் '100' வரியின் கடைசியிலும் 'லிட்டர்' அடுத்த வரியின் தொடக்கத்திலும் போய் உட்கார்ந்துவிடும். அதற்கு, இரண்டையும் ஒரே வரியில் பிடித்துவைக்கும் பிரியா இடைவெளி இருக்கிறது. வேர்டில் கண்ட்ரோல், ஷிப்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு ஸ்பேஸ் தட்டினால் போதும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் அகலம் மாறாத பிரியா இடைவெளி தனியாகவே உண்டு. வரியை இரு ஓரமும் சமன்செய்யும்போது மற்ற இடைவெளிகள் விரிந்தாலும் இது விரியாது. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது இதைத்தான்.

போன மாதம் அந்தப் பெரியவர் புதிய துண்டறிக்கையோடு வந்தார். மிளகு வாடலுக்கு 1 சதவீதக் கலவை, காப்பிக்கு 0.5. சுழியத்தை அவரே பேனாவால் இரண்டு முறை அழுத்தி எழுதியிருந்தார்.