நாலு குட்டி ரயில் பெட்டிகளின் பெயின்ற் கழற்றியது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஹாட்வெயர் கடைத் தின்னரைப் பிளாஸ்டிக் பெட்டிக்குக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஒரு பெட்டி போய்விட்டது.

கனடாவிலிருந்து சித்தப்பா அனுப்பிய எச்.ஓ. என்ற அளவிலான மாதிரி ரயில் பெட்டிகள் நான்கு, நிஜப் பெட்டியில் 87இல் ஒரு பங்கு அளவு. முன்பு யாரோ வைத்திருந்தவை. இரண்டில் கம்பனி அடித்த பச்சை பெயின்ற் அப்படியே இருந்தது. மற்ற இரண்டுக்கும் அதன்மேல் யாரோ தூரிகையால் தடிப்பாக எனாமல் பூசியிருந்தார்கள். அப்பா அந்தக் காலத்தில் யாழ்தேவி ரயிலில் கொழும்புக்குப் போய்வந்தவர். யுத்தத்தால் 1990இல் நின்ற கோச்சி கிளிநொச்சிக்குத் திரும்ப வந்தது 2013 செப்ரெம்பரில்தான். இடையில் வளர்ந்த எனக்குத் தண்டவாளம் பிடுங்கிய மேடுதான் ரயில் பாதை. அப்பா கண்ட அந்தச் செங்கபில நிறத்தில் நாலு பெட்டிகளை அவருடைய மேசையில் நிறுத்த வேண்டும் என்று ஆசை. பழைய பெயின்றின் மேலேயே அடித்தால் ரிவெற் வரிசையும் யன்னல் விளிம்பும் மூடிப்போகும். கழற்றத்தான் வேண்டும்.

ஹாட்வெயர் கடையில் கேட்டேன். "பிளாஸ்ரிக்குக்கு ஒண்டும் செய்யாது தம்பி" என்று தின்னரைத் தந்தார்கள். துணியில் நனைத்து ஒரு கூரையைத் துடைத்தேன். பெயின்ற் வந்தது, கூடவே கூரையும் பிசின்போல இழுபட்டு வந்தது. இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் பொலிஸ்ரைரீன் என்ற பிளாஸ்டிக். தின்னர் அதைக் கரைத்துவிடும். சித்தப்பா பொதி செய்து அனுப்பிய பொருளை ஐந்து நிமிடத்தில் அழித்துவிட்டேன். அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

தேடிப் படித்ததில், ஐசோபுரோப்பைல் அற்ககோல் பெயின்றை இளக்கும், பொலிஸ்ரைரீனைத் தொடாது என்று தெரிந்தது. மருந்துக்கடையில் கிடைத்தது 70 வீதம்தான். ஒரு நாள் முழுக்க ஊறவைத்தும் எழுத்துகள் மட்டுமே போயின. வவுனியாவில் ஒரு கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். "99 இருக்கு, வாங்கோ" என்றார். ஒரு நாள் வேலையை விட்டு பஸ் ஏறிப் போனால், எடுத்துக் கையில் தந்த போத்தலில் அசற்றோன் என்று எழுதியிருக்கிறது. "ரெண்டும் ஒண்டுதான் அண்ணை" என்றார். இல்லை. அசற்றோனும் தின்னரைப்போலவே இந்தப் பிளாஸ்டிக்கைத் தின்னும். தின்னரில் சூடுபடாமல் இருந்திருந்தால் அதை வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். லேபிளை வாசிக்காமல் காசு கொடுக்காதீர்கள்.

கடைசியில் 99 வீத அற்ககோல் கிடைத்தது எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில், போன் திருத்தும் கடையில்! போனின் சர்க்கிட் போர்ட் கழுவ அவர்கள் பாவிப்பது அதே 99 வீதம்தான். ஐசோபுரோப்பைல் அற்ககோலைச் சுருக்கி 'ஐ.பி.ஏ.' என்று கேளுங்கள், உடனே விளங்கும்.

அதன் பிறகு கம்பனி பெயின்ற் பிரச்சினையே தரவில்லை. மூடியுள்ள டப்பாவில் மாலையில் போட்டேன், விடிய மென்மையான ரூத் பிரஷ்ஷால் தேய்க்கப் படலமாகக் கழன்றது. மூடி கட்டாயம் வேண்டும். எங்கள் வெயிலுக்கு மூடாத அற்ககோல் பறந்துவிடும், நெருப்பும் சட்டென்று பற்றும். குசினியில் செய்யாதீர்கள். மூலைகளில் நிற்பதை ஊசியால் சுரண்டினால் கீறு விழும். தென்னை ஈர்க்கைச் சீவிப் பாருங்கள், அதைவிட நல்ல ஆயுதம் இல்லை.

எனாமல் பூசிய பெட்டியோ இரண்டு நாள் ஊறியும் அசையவில்லை. கராஜ் வைத்திருக்கும் அண்ணை ஒருவர் டொட் 3 ரக பிரேக் ஒயில் தந்தார். அது வேலை செய்தது. ஆனால் சில பிளாஸ்டிக்கை நொறுங்கப் பண்ணும் என்பதால் முதலில் பெட்டியின் அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டு ஒரு இரவு பார்த்தேன். பிறகுதான் முழுதாக இறக்கினேன். கையுறை போடுங்கள். கழற்றியதும் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தால் இரண்டு மூன்று தரம் கழுவுங்கள், எண்ணெய்ப் பசை மிஞ்சினால் புதுப் பெயின்ற் பிடிக்காது. பாவித்த ஒயிலை வளவுக்குள் ஊற்றவே வேண்டாம். நாங்கள் குடிப்பது கிணற்றுத் தண்ணீர். நான் அதைப் போத்தலில் அடைத்துக் கராஜுக்கே திருப்பிக் கொடுத்தேன்.

இன்னொரு தவறு: அவசரத்தில் ஒரு பெட்டியின் யன்னல் கண்ணாடித் துண்டுகளைக் கழற்றாமல் ஊறவிட்டேன். அவ்வளவும் மங்கிவிட்டன. சில்லு, கொழுவி, உள்ளே கிடக்கும் இரும்புப் பாரம் எல்லாவற்றையும் முதலே எடுத்துவிடுங்கள். பாரத்தில் தண்ணீர் பட்டால் துரு பிடிக்கும்.

இப்போது மூன்று பெட்டிகள் வெறும் சாம்பல் பிளாஸ்டிக்காக நிற்கின்றன. அப்பா ஒன்றை எடுத்து ரிவெற் வரிசையைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். "இப்பிடித்தான் இருக்கும்" என்றார். மாரி மழை விடும்வரை பெயின்ற் அடிக்கப் போவதில்லை, ஈரக் காற்றில் அடித்தால் வெள்ளை பூக்கும். ஐ.பி.ஏ. போத்தலில் பாதி மிச்சம் இருக்கிறது. கிளிநொச்சிப் பக்கம் யாருக்காவது தேவை என்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.