அப்பாவின் ஸ்டென்டும் எங்கள் வீட்டு உப்பும்

போன வருடம் செப்டம்பரில் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாய் அடைக்காமல் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்து ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சிகரெட்டை அங்கேயே விட்டார், இன்றுவரை தொடவில்லை. நடைப்பயிற்சியும் பத்து நிமிடத்தில் தொடங்கி நாற்பது நிமிடத்துக்கு வந்துவிட்டது. எங்களைப் படுத்தி எடுத்தது சாப்பாடுதான்.

எதைச் சாப்பிடலாம் என்று சொல்லும் டயட்டீஷியனைப் பார்க்க இரண்டு வாரம் கழித்து அதே ஆஸ்பத்திரிக்கு விருதுநகரிலிருந்து 50 கிலோமீட்டர் கார் பிடித்துப் போனோம். கவுன்டரில் டிஸ்சார்ஜ் சம்மரி கேட்டார்கள். ஒரிஜினலை இன்சூரன்ஸ் க்ளெய்முக்கு அனுப்பியிருந்தோம், ஜெராக்ஸ் எடுத்து வைக்கவில்லை. "உங்க ஆஸ்பத்திரி கொடுத்த பேப்பர்தானே, கம்ப்யூட்டர்ல பாருங்க" என்றேன். அதற்கு மெடிக்கல் ரெக்கார்ட்ஸில் எழுதிக் கொடுத்து மூன்று நாள் காத்திருக்க வேண்டுமாம். நெஞ்சில் ஸ்டென்டோடு அப்பா இரண்டு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு, யாரையும் பார்க்காமலே திரும்பினார். இப்போது நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது. க்ளெய்முக்குக் கொடுக்கும் முன் ஒவ்வொரு தாளையும் போனில் படம் எடுத்து வையுங்கள், ஐந்து செட் ஜெராக்ஸும் போடுங்கள்.

இரண்டாவது தடவை போனபோது கிடைத்தது ஒரு அச்சடித்த தாள். ஓட்ஸ், புல்கா, ஆலிவ் ஆயில், சால்மன் மீன். எங்கள் மாவட்டத்தில் சாத்தூர் காராச்சேவு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, எண்ணெயில் முக்கிப் பொரித்தெடுக்கும் விருதுநகர் பரோட்டா என்று சாப்பிட்டு வளர்ந்த மனிதர் அவர். காலையில் இட்லியும் மதியம் குழம்பும் சாப்பிடுகிறவர் எதைக் குறைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்ளலாம் என்று அந்தத் தாளில் ஒரு வரி இல்லை. மூன்றாம் நாளே புல்காவை ஒதுக்கிவிட்டார்.

எங்களுக்கு வழி காட்டியவர், மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் அக்கா. "தட்டைப் பாக்காதீங்கம்மா, மளிகை லிஸ்டைப் பாருங்க. மாசம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குறீங்க?" என்று கேட்டார். நாலு பேருக்கு நாலரை லிட்டர். ஆளுக்கு அரை லிட்டருக்குள் இருக்க வேண்டுமாம். அப்பளம் பொரிப்பதையும் பொரித்த எண்ணெயை மறுபடி தாளிக்க எடுப்பதையும் நிறுத்தியதிலேயே பாதி குறைந்தது. சால்மனுக்குப் பதில் மத்தியும் அயிலையும் குழம்பாக வைக்கிறோம். விலையும் கட்டுப்படியாகிறது.

அதே கணக்கை உப்புக்கும் போட்டேன். ஒரு கிலோ பாக்கெட்டைப் பிரித்த அன்றே அதன் மேல் தேதி எழுதினேன். 22 நாளில் தீர்ந்தது. அப்படியென்றால் ஆளுக்குத் தினம் 11 கிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குக் கீழே, அதிலும் வெளியே சாப்பிடுவது, ஊறுகாய், கருவாடு எல்லாம் அடக்கம். எனக்குப் பகீரென்றது.

இந்த இடத்தில்தான் நான் பெரிய தப்பு செய்தேன். சோடியம் குறைந்த உப்பில் பக்கவாதம் குறைந்ததாக, சீனாவில் 600 கிராமங்களில் நடந்து 2021இல் வெளியான ஆய்வைப் பற்றிப் படித்திருந்தேன். டாக்டரைக் கேட்காமல் அந்த உப்பையே வாங்கிவிட்டேன். சோடியத்தைக் குறைத்த இடத்தில் அதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. அப்பா சாப்பிடுவதோ டெல்மிசார்ட்டன் என்ற பிரஷர் மாத்திரை. அந்த மாத்திரை உடம்பில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது. போதாததற்கு, நல்லது என்று தினம் ஒரு இளநீர் வேறு கொடுத்துக்கொண்டிருந்தேன், அதிலும் பொட்டாசியம் அதிகம்.

ஒன்றரை மாதம் கழித்து வழக்கமான ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 5.8 என்று வந்தது. ஐந்தைத் தாண்டினாலே கவனிக்க வேண்டுமாம். அப்பாவுக்கு ஒரு தொந்தரவும் தெரியவில்லை. டாக்டர் உடனே ஈசிஜி எடுக்கச் சொன்னார். "புதுசா என்னம்மா சேர்த்தீங்க?" என்று கேட்டபோது நான் மாத்திரைகளையே யோசித்துக்கொண்டிருந்தேன். உப்பு ஞாபகத்துக்கு வரவே ஐந்து நிமிடம் ஆனது. மிகவும் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம் என்றார். அன்று இரவு நான் தூங்கவில்லை. அந்த உப்பையும் இளநீரையும் நிறுத்தி, ஒரு வாரத்தில் மறுபடி பார்த்தபோது 4.7. அந்த உப்பு எல்லோருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் பிரஷர் மாத்திரையோ கிட்னி தொந்தரவோ இருக்கிற வீட்டில், பாக்கெட்டை டாக்டரிடம் காட்டாமல் வாங்காதீர்கள்.

அப்புறம் அத்தை. "கொழுப்பு மாத்திரை ஈரலைக் கெடுக்கும்ண்ணே, மருதம்பட்டைக் கஷாயம் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா அந்தக் கொழுப்பு மாத்திரையை, அட்டோர்வாஸ்டாட்டினை, ஆறு வாரம் எங்களுக்குத் தெரியாமல் நிறுத்தியிருக்கிறார். கெட்ட கொழுப்பான எல்டிஎல் 126. ஸ்டென்ட் வைத்தவருக்கு 70க்குக் கீழே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் இரண்டு மாத்திரைகளையும் விட்டிருந்தால் ஸ்டென்டே அடைத்திருக்கலாம். நல்ல வேளை, அவற்றில் கை வைக்கவில்லை. இப்போது இரவு மாத்திரையை அம்மாவே அவர் கையில் கொடுத்து, விழுங்கும்வரை நின்று பார்க்கிறார். கடைசியாக எடுத்ததில் 68.

உப்புக்குப் பழைய சாதா உப்பேதான். சோற்றில் போடுவதில்லை, இட்லி மாவில் பாதி, மோரில் உப்புக்குப் பதில் இஞ்சியும் கறிவேப்பிலையும். முதல் பத்து நாள் அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார், அம்மா அழுதார். மூன்றாம் வாரத்தில் நாக்கு பழகியது. போன வாரம் ஒரு கல்யாண வீட்டு சாம்பாரை "உப்புக் கரிக்குது" என்று ஓரமாக வைத்தார்.

போன பாக்கெட் 43 நாள் வந்தது. இப்போது இருப்பதற்கு இன்று 26ஆம் நாள். இன்னும் பாதிக்கிட்ட இருக்கிறது.