ஹாரி டீன் ஸ்டான்டனோடு ஒரு வாரம்

ஜூலை 14, 2024, ஞாயிறு

இன்று அமெரிக்க நடிகர் ஹாரி டீன் ஸ்டான்டன் பிறந்தநாள். 1926இல் கென்டக்கியில் பிறந்தவர், இருந்திருந்தால் 98. இதைச் சாக்காக வைத்து இந்த வார ராத்திரிகளை அவருக்கே ஒதுக்கிவிட்டேன்.

முதலில் ‘ஏலியன்’ (1979). விண்கலத்தில் மெக்கானிக் வேலை. கூட இருப்பவன் எதைச் சொன்னாலும் “ரைட்” என்று ஒத்து ஊதுவார். அப்புறம் பூனையைத் தேடிப் போகிறார். மேலே இருந்து தண்ணீர் சொட்டுகிறது. தொப்பியைக் கழற்றி, அண்ணாந்து முகத்தில் வாங்கிக்கொள்கிறார், நாள் முழுக்க வேலை பார்த்தவன் குழாயடியில் நிற்கிற மாதிரி. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தும் அந்த நிதானத்தில் நானும் கொஞ்சம் அசந்துவிட்டேன்.

ஜூலை 16, செவ்வாய்

குணச்சித்திர நடிகர் என்றால் ஆளே அடையாளம் தெரியாமல் மாறிவிடுவார் என்று நினைத்திருந்தேன். இவர் எதையும் மாற்றவில்லை. அதே ஒட்டிய கன்னம், அதே தூங்காத கண். அதை வைத்துக்கொண்டே 1967இல் ‘கூல் ஹேண்ட் லூக்’கில் கிடார் வாசித்துப் பாடும் கைதி, 1988இல் இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸியின் படத்தில் புனித பவுல், ‘பிக் லவ்’ தொடரில் பல தாரம் கட்டிய மதத் தலைவர். அந்த மதத் தலைவரைப் பார்த்துத்தான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. குரலை உயர்த்தவே மாட்டார்.

இரண்டாம் உலகப்போரில் கடற்படைக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். ஜப்பானின் ஒகினாவா தீவில் நடந்த சண்டையையும் பார்த்திருக்கிறார்.

ஜூலை 18, வியாழன்

கரண்ட் இல்லை. படமும் இல்லை.

ஜூலை 20, சனி

‘பாரிஸ், டெக்சஸ்’ (1984). கதாநாயகன் வேடம் கைக்கு வரும்போது அவர் அறுபதை நெருங்கிவிட்டார். கிடைத்த வேடத்திலும் முதல் இருபது நிமிடத்துக்கும் மேலாக வாயே திறப்பதில்லை! சிவப்புத் தொப்பியோடு பாலைவனத்தில் நடக்கிறார், அவ்வளவுதான். கடைசியில் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பிரிந்துபோன மனைவி. அந்தப்பக்கத்திலிருந்து பார்த்தால் அவளுக்கு இவர் முகம் தெரியாது. இருந்தாலும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டிக்கொண்டுதான் போனில் பேசுகிறார். கான் திரைப்பட விழாவில் உயரிய விருதான தங்கப் பனை வாங்கிய படம். நடிப்புக்கு ஆஸ்கர் பரிந்துரை இவருக்கு ஒருமுறைகூட வந்ததில்லை.

ஜூலை 21, ஞாயிறு

மத்தியானம் ‘தி ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி’ (1999). பேச்சுவார்த்தை இல்லாத சகோதரனைப் பார்க்க, புல்வெட்டும் வண்டியிலேயே மாநிலம் தாண்டி வருகிறார் ஒரு கிழவர். படம் முழுக்க நாம் காத்திருக்கும் அந்தச் சகோதரன், ஸ்டான்டன். வருவதோ கடைசி ஓரிரு நிமிடம். வண்டியைப் பார்க்கிறார், ஒரே ஒரு கேள்வி கேட்கிறார், கண் கலங்குகிறது. எனக்கும்தான்.

ராத்திரி ‘லக்கி’. ஸ்டான்டன் 2017 செப்டம்பர் 15இல், 91 வயதில் இறந்தார். அமெரிக்கத் தியேட்டர்களுக்கு இந்தப் படம் வந்தது அதற்கு இரண்டு வாரம் கழித்து. இயக்கிய ஜான் கேரல் லிஞ்சும் குணச்சித்திர நடிகர்தான். மறுபடியும் பாலைவனம், மறுபடியும் நடை. ஆனால் இந்தமுறை போகுமுன் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்.