கிற்றாரில் ஊஞ்சல் பாட்டு: முதலில் தகிட, பிறகுதான் விரல்

ஆசையாகக் கிற்றார் வாங்கிய பிள்ளைகள் கொஞ்ச நாளிலேயே அதை அலுமாரிக்குப் பின்னால் சாத்திவிடுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். முதற்பாட்டாக ஒரு சினிமாப் பாட்டை எடுப்பார்கள். அதில் நாலைந்து கோர்ட்ஸ் (சில சுரங்களை ஒன்றாக ஒலிக்கவைக்கும் விரற்பிடிகள்) இருக்கும், நடுவில் எஃப் என்ற கோர்ட் வந்து நிற்கும். சுட்டுவிரலைக் குறுக்கே படுக்கவைத்துக் கம்பிகளை ஒன்றாக அழுத்த வேண்டும். பழகாத விரலுக்கு நோவுதான் மிச்சம், சத்தம் எழும்பாது.

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் இதற்கு நல்லதொரு மாற்று இருக்கிறது. சித்திரை வருசத்துக்கு மரக்கிளையில் கயிறு போட்டு ஊஞ்சல் கட்டிப் பெண்கள் பாடுகிற பாட்டு. ஐந்து சுரத்துக்குள் அடங்கிவிடும். கோர்ட் மாற்றமே தேவையில்லை. நான் அதில்தான் பழகினேன். இப்போது பின்னேரத்தில் வீட்டுக்கு வரும் அயல் பிள்ளைகளுக்கும் அதைத்தான் முதலில் காட்டிக் கொடுக்கிறேன்.

பாட்டு பெரியம்மாவுடையது. அவர் இருப்பது மண்டூரில். களுவாஞ்சிகுடியிலிருந்து போவதென்றால் குருமண்வெளித் துறையில் பாதை ஏறி வாவியைக் கடந்தால் சரி. (வெளியூர் ஆட்களுக்கு: வாகனமும் ஆளும் ஏற்றி வாவியைக் கடக்கிற மிதவையைத்தான் நாங்கள் பாதை என்கிறோம்.) போனில் பதிவு செய்ய ஆயத்தமாகி, "பெரியம்மா, அந்த ஊஞ்சல் பாட்டை ஒருக்காப் படிங்க" என்று கேட்டேன்.

"என்ன புள்ள, ஊஞ்சல் இல்லாம எப்பிடிப் படிக்கிற?" என்றார்.

சும்மா சொன்ன பேச்சில்லை அது. கதிரையில் இருந்தபடி பாடத் தொடங்கினால் இரண்டாவது அடியிலேயே வேகம் பிடித்துவிடும், மூச்சு முட்டும். பிறகு அவராகவே உடம்பை முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டு, தொடையில் கையால் தட்டிக்கொண்டு பாடினார். பாட்டு அப்படியே தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, நான் வகுப்பில் படிப்பிக்கிற ஊசல் பாடம் நினைவுக்கு வந்தது. நான் விஞ்ஞான ஆசிரியை.

ஊசல் ஒருமுறை போய்த் திரும்ப எடுக்கும் நேரத்தைத் தீர்மானிப்பது கயிற்றின் நீளம். அதில் இருப்பது மெலிந்த பிள்ளையா, பாரமான மாமியா என்பதால் அந்த நேரம் மாறாது. மிகவும் உயர உந்தினால் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். பெரியம்மா சொல்கிற அந்தப் புளியமரத்துக் கிளை உயரமானது. கயிறு 5 மீற்றர் என்று வைத்துக்கொண்டால், போய்வர ஏறத்தாழ நாலரைச் செக்கன் பிடிக்கும். பாட்டின் நடை 'தகிட தகிட', ஒரு 'தகிட'வுக்கு மூன்று எண்ணிக்கை. ஊஞ்சல் முன்னால் போக ஒரு 'தகிட தகிட', பின்னால் வர இன்னொன்று. அதாவது நாலரைச் செக்கனுக்குள் நாலு 'தகிட'. நிமிடத்துக்குக் கணக்குப் பார்த்தால் 53, 54 வருகிறது. போனில் மெட்ரோநோம் (ஒரே வேகத்தில் தட்டிக்கொண்டிருக்கும் தாளக்கருவி) இருந்தால் 54இல் வையுங்கள். ஒரு தட்டுக்கு ஒரு 'தகிட'. பெரியம்மாவின் பதிவை அதோடு சேர்த்து ஓடவிட்டேன். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் அந்த இடத்தில்தான் நிற்கிறது. இந்த நடை தெரியாமல் சுரத்தை மட்டும் பாடமாக்கினால் கையில் வருவது வேறேதோ பாட்டு. அதனால்தான் என் வீட்டில் பழகும் பிள்ளைகள் இடது கையைத் தொடுவதற்கு முதல், வலது கையால் 'தகிட'வை மட்டும் வாசிக்க வேண்டும். அலுக்கும். பரவாயில்லை, முற்றத்து ஊஞ்சலில் இருந்து ஆடிக்கொண்டே தொடையில் தட்டச் சொல்வேன், அலுப்புப் போய்விடும்.

இந்த வலது கையை எனக்குத் தந்தவர் ஒரு பறங்கி அங்கிள். மட்டக்களப்பில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டியது 1628இல், ஒல்லாந்தர் அதைப் பிடித்தது 1638இல். கோட்டை கைமாறிப் போனாலும் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் இங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களுடைய கலியாண வீடுகளில் வயலினும் கிற்றாரும் றபான் என்ற கைமேளமும் சேர்ந்து கஃப்ரிஞ்ஞா என்கிற ஆட்டப்பாட்டு வாசிப்பார்கள். 2004 சுனாமியில் மட்டக்களப்புக் கடற்கரையோரத்து டச் பார் பக்கம் அந்தச் சமூகம் கொடுத்த உயிர்கள் கொஞ்சநஞ்சமல்ல. அதற்குப் பிறகும் அந்த ஆட்டத்தையும் பாட்டையும் விடாமல் வைத்திருக்கிறார்கள். அங்கிளிடம் பெரியம்மாவின் பதிவைப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டார். கிற்றாரை எடுத்து, கஃப்ரிஞ்ஞாவுக்குப் போடுகிற அதே ஆறு எண்ணிக்கையை நன்றாக வேகம் குறைத்து வாசித்தார். "டீச்சர், இது எங்கட பீட் தானே, நித்திரை கொள்ளுது" என்றார். அந்த நிமிடத்தில் எனக்கு வந்த சந்தோசத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. மண்டூர்ப் புளியமரத்து ஊஞ்சலும் டச் பார் கலியாண வீடும் ஒரே எண்ணிக்கையில் ஆடுகின்றன.

சரி, கைக்கு வருவோம். கிற்றாரை வழமையான ரியூனிங்கிலேயே வையுங்கள். மெல்லியது முதலாம் கம்பி, தடித்தது ஆறாம் கம்பி. இடது கையின் நடுவிரல் நாலாம் கம்பியில் இரண்டாம் ஃபிரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த கட்டை). மோதிரவிரல் மூன்றாம் கம்பியில் அதே ஃபிரெட். இந்த இரண்டு விரலும் பாட்டு முடியும்வரை அசையவே வேண்டாம். வலது கைப் பெருவிரல் முதல் 'தகிட'வின் 'த'வில் ஐந்தாம் கம்பியைத் தட்டட்டும், இரண்டாவதன் 'த'வில் ஆறாம் கம்பியை. ஒவ்வொரு 'ட'விலும் மற்ற விரல்கள் நாலாம், மூன்றாம் கம்பிகளை மெதுவாகக் கிள்ளட்டும். இப்போது கேட்பதெல்லாம் சட்ஜமும் பஞ்சமமும்தான். தம்புரா போட்டது போல நிற்கும்.

அதன்மேல் பாட்டு. மோதிரவிரல் ஏற்கெனவே பிடித்திருக்கிற மூன்றாம் கம்பி 'ச'. இரண்டாம் கம்பியைச் சும்மா விட்டுத் தட்டினால் 'ரி'. அதே கம்பியின் முதல் ஃபிரெட்டில் சுட்டுவிரல் வைத்தால் 'க'. மூன்றாம் ஃபிரெட்டில் சின்னிவிரல் 'ம'. முதலாம் கம்பி சும்மா விட்டால் 'ப'. முடிந்தது. பெரியம்மாவின் குரலுக்குப் பொருந்த நான் இரண்டாம் ஃபிரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் குறுக்கே அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போடுகிறேன். அப்படிப் போட்டால் ஃபிரெட்டுகளைக் கேப்போவிலிருந்து எண்ண வேண்டும்.

இதில் ஒரே ஒரு சுரம் சண்டை பிடிக்கும், அந்தக் 'க'. முதல் ஃபிரெட்டில் வைத்தால் பெரியம்மா பாடுவதைவிடக் கீழே நிற்கிறது. இரண்டாம் ஃபிரெட்டுக்குப் போனால் மேலே போய்விடுகிறது. அவர் பாடுவது இரண்டுக்கும் நடுவில். குரல் தளர்ந்ததால் வந்த பிசகு என்று யாரும் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு அடியிலும் அதே இடத்தில், அதே அளவில்தான் வந்து நிற்கிறார். கிற்றாரின் ஃபிரெட்டுகள் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காக வெட்டி வைத்தவை. நம் ஆட்களின் தொண்டையை யாரும் அப்படி வெட்டி வைக்கவில்லை. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் பழந்தமிழர் யாழை ஆராய்ந்து எழுதிய யாழ் நூல் 1947இல் வெளிவந்தது. அந்த யாழில் ஃபிரெட் கிடையாது, நரம்பை வேண்டிய சுரத்துக்கு இறுக்கிக்கொள்ளலாம். நமக்குக் கிடைத்திருப்பது கிற்றார். அதனால் முதல் ஃபிரெட்டில் அழுத்திய சுட்டுவிரலால் கம்பியை முதலாம் கம்பிப் பக்கமாக ஒரு சொட்டு இழுங்கள். சுரம் மெல்ல ஏறி அந்த நடுவிடத்துக்கு வரும். எவ்வளவு இழுப்பது என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். பதிவைப் போட்டுப் போட்டுக் கேளுங்கள். ஊஞ்சல் பாட்டைப் பழகுவதில் உண்மையான வேலை இந்த இடத்தில்தான் இருக்கிறது. நாள் எடுத்தாலும் எடுக்கட்டும்.

கோர்ட் வேண்டாம் என்று நான் பிடிவாதமாக நிற்பதும் இதனால்தான். என் மருமகன் நன்றாக வாசிப்பான். "மாமி, ஏ மைனர், டி மைனர் போட்டால் வடிவா இருக்கும்" என்று சொல்லி வாசித்தும் காட்டினான். வடிவாகத்தான் இருந்தது. ஆனால் ஏ மைனருக்குள் கீழ்க் 'க' இருக்கிறது, ஏ மேஜருக்குள் மேல்க் 'க' இருக்கிறது. எதைப் போட்டாலும் பாடுகிறவரின் 'க'வைப் பிடித்து ஒரு பக்கம் தள்ளிவிடும். கொஞ்ச நேரத்தில் பாடுகிறவரும் கிற்றாருக்கு ஏற்ற மாதிரி மாறிவிடுவார். வருசக்கணக்காகப் பாடிய ஒரு மனிசியின் சுரத்தை, நேற்று வந்த கிற்றாருக்காக மாற்றுவதில் எனக்குச் சம்மதமில்லை. சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் ஓடினால் 'க' தன் பாட்டில் நிற்கும்.

கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. நைலோன் கம்பி விரலுக்குச் சுகம், ஆனால் அந்த இழுப்புக்கு இலேசில் இடங்கொடாது. மெல்லிய இரும்புக் கம்பி வாங்குங்கள். வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள எங்கள் எழுவான்கரையில் கடற்காற்று உப்போடு வருவதால் இரும்புக் கம்பி கெதியாகத் துருப்பிடிக்கும். வாசித்து முடிந்ததும் காய்ந்த துணியால் ஒவ்வொரு கம்பியையும் துடைத்து, கிற்றாரை உறைக்குள் போட்டுவிடுங்கள்.

ஊஞ்சல் பாட்டில் ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். ஆட்களோடு சேர்ந்து வாசிக்கும்போது, பாடுகிற நேரத்தில் 'தகிட' மட்டும் போதும். வாங்கிப் பாடுபவர்கள் மூச்செடுக்கிற இடைவெளியில் ஐந்து சுரத்தையும் வாசியுங்கள். பாடுகிறவரின் சுரத்தின்மேலேயே கிற்றாரும் ஏறி ஓடினால் சொல் கேட்காது. பெரியம்மாவின் பாட்டில் சொல்தான் சீவன், மச்சானும் மச்சாளும் ஒருவரையொருவர் சீண்டுகிற இடமெல்லாம் அதில் இருக்கிறது.

இது கைக்கு வந்தவர்கள் அடுத்துக் கவியைக் கேட்கிறார்கள். வயற்பக்கத்தில் நீட்டி இழுத்துப் பாடுகிற கவிக்குத் தாளக்கட்டு இல்லை. அங்கே இந்தத் 'தகிட' செல்லாது, பெருவிரல் சட்ஜத்தை ஒருமுறை தட்டிவிட்டுப் பாடுகிறவரின் மூச்சுக்காகக் காத்திருக்க வேண்டும். அக்கரைப்பற்றில் கவி பாடுகிற மூத்தம்மா ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். அவர் பாடித் தந்த பிறகு அதைத் தனியாக எழுதுகிறேன்.